வன்னியிலிருந்து விமானப் பயணம்: மேலதிக நிறைக்குக் கட்டணம் கட்டாமல் பொதி கட்டுவது எப்படி

விமான நிலையக் கருமபீடத்தில் பெட்டியைத் தராசில் ஏற்றிய பின்னர், மேலதிக நிறைக்கான கட்டணத்தைக் குறைப்பதற்குச் செய்யக்கூடியது மிகச் சொற்பம். நீர்கொழும்பிலோ கொழும்பிலோ வசிப்பவராயின், மிஞ்சியதை வழியனுப்ப வந்தவரின் கையில் கொடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ இரவோடிரவாக வான் பிடித்து, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தாண்டிக் கட்டுநாயக்கவுக்குச் செல்பவருக்கு அந்த வசதி கிடையாது. கொண்டுவந்து இறக்கிய வான் திரும்பிப் போய்விட்டால், மிஞ்சிய மூன்று கிலோவுக்குப் பணம் கட்டலாம், அல்லது அம்மா இடித்துத் தந்த மிளகாய்த்தூளைக் குப்பைத் தொட்டியில் போடலாம். எனவே வன்னியில் உள்ளவர்கள் நிறைக் கணக்கு முழுவதையும் வீட்டு விறாந்தையிலேயே முடித்துவிட்டுத்தான் படலையைத் தாண்ட வேண்டும்.

கணக்கு பெட்டியிலிருந்து தொடங்குவதில்லை, பயணச்சீட்டிலிருந்து தொடங்குகிறது. மின்னஞ்சலில் வரும் சீட்டில் ஒவ்வொரு பறப்புக்கும் நேரே பொதி அளவு குறிக்கப்பட்டிருக்கும். எண்ணை அடுத்து ‘கே’ அல்லது ‘கேஜி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், உங்களுக்கு அனுமதிக்கப்பட்டது மொத்த நிறை. ‘பிசி’ என்று இருந்தால், அனுமதிக்கப்பட்டது பெட்டிகளின் எண்ணிக்கை. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறான முறைகள். எங்கள் ஊரவர்கள் கட்டும் வீண் கட்டணங்களில் கணிசமானவை, ஒரு முறைக்குரிய பழக்கத்தோடு மற்ற முறைக்குரிய விமானத்தில் ஏறப் போவதால் வருபவை என்றே நான் கருதுகிறேன்.

மொத்த நிறை முறையில், 30 கிலோ என்றால் அந்த 30 கிலோவை ஒரு பெட்டியாகவோ இரண்டு பெட்டிகளாகவோ கொண்டுபோக முடியும். இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்லும் விமானங்களில் பெரும்பாலும் இந்த முறைதான் நடைமுறையில் உள்ளது. ஒரே பதிவில் சீட்டெடுத்த குடும்பம் ஒன்றாகக் கருமபீடத்துக்குச் சென்றால், அனைவரின் நிறையையும் கூட்டிப் பார்க்கப் பல நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் எனில் 120 கிலோ. அதில் பிள்ளையின் பெட்டி 24 ஆகவும் தந்தையின் பெட்டி 31 ஆகவும் இருந்தாலும் தடை வராது. ஆயினும் தனிப் பெட்டி எதுவும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது. பொதி தூக்கும் தொழிலாளரின் முதுகைக் காப்பதற்காக ஏற்பட்ட வரம்பு அது; உங்கள் குடும்பக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதைத் தாண்டிய பெட்டியைப் பிரித்துக் கட்டச் சொல்வார்கள்.

எண்ணிக்கை முறை கண்டிப்பானது. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் சீட்டுகளில் இதுவே வழமை. பொதுவாக ஒரு பெட்டிக்கு 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் அடங்க வேண்டும். ‘2 பிசி’ என்றிருந்தால் 46 கிலோ என்று பெருக்கிப் பார்ப்பதுதான் இங்கே நேரும் தவறு. ஒரு பெட்டி 26 கிலோவும் மற்றது 20 கிலோவுமாக இருந்தால், கூட்டுத்தொகை 46 ஆனாலும், 26 கிலோப் பெட்டிக்கு நிறை மிகுந்த பெட்டி என்ற கட்டணம் விழும். அந்தக் கட்டணம் மிகுந்த மூன்று கிலோவுக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை; பெரும்பாலான நிறுவனங்களில் 23 முதல் 32 கிலோ வரை ஒரே தொகைதான். ஆதலால் இந்த முறையில் பெட்டிகளைச் சமமாகப் பிரித்துக் கட்டுவதே பாதி வேலை. அதே காரணத்தால், பயணி ஒருவர் தமது இரண்டாவது பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு முதலாவதை நெருக்கி அடைப்பதும் பணத்தை வீசுவதற்கு ஒப்பானது.

சீட்டை எடுக்கும் தருணத்திலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. பெற்றோருக்கான சீட்டைப் பல வீடுகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைதான் எடுத்து அனுப்புகிறார். இணையத்தளத்தில் முதலில் தோன்றும் மிக மலிவான விலையில் சில வேளைகளில் ஒப்படைக்கும் பொதி அறவே இராது, அல்லது ஒரு பெட்டி மட்டுமே இருக்கும். அடுத்த விலைப்படிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், பிறகு ஒரு பெட்டியைத் தனியாகச் சேர்ப்பதற்கான தொகையைவிடக் குறைவாக இருப்பது வழமை. பணம் செலுத்துவதற்கு முன்னர் பிள்ளையிடம் “எத்தனை கிலோ போட்டிருக்கிறாய்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு தனித்தனிச் சீட்டுகளில் பயணம் செய்பவர்கள், இரண்டிலும் குறைந்த அளவையே தமது அளவாகக் கொள்ள வேண்டும். காசி யாத்திரை செல்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர், வன்னியிலிருந்து சென்னைக்குப் போவது முன்னரைவிட இலகுவாகிவிட்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் அந்தச் சேவையைத் தொடங்கியது. ஆனால் அங்கு வந்துபோவது ஏடிஆர் வகைச் சிறிய விமானம்; அதில் தலைக்கு மேலுள்ள தட்டுகளும் சிறியவை. சென்னையில் இறங்கி வாரணாசிக்கு உள்நாட்டு விமானம் ஏறினால், அங்கே சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். சர்வதேசப் பறப்பில் அனுமதிக்கப்பட்ட அளவைக் காட்டி உள்நாட்டுக் கருமபீடத்தில் வாதிட்டுப் பயனில்லை, ஏனெனில் அவர்களுக்கு முன்னால் இருப்பது வேறொரு சீட்டு. முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. ஐரோப்பாவில் இறங்கிய பிறகு மலிவு விமானத்தில் உறவினர் வீட்டுக்குப் போக நினைப்பவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும்: ஈசிஜெட் இலவசமாக ஏற்பது 45×36×20 சென்ரிமீற்றருக்குள் அடங்கும், இருக்கைக்குக் கீழே வைக்கும் ஒரு சிறிய பையை மட்டுமே.

தராசும் பெட்டியும்

வன்னியில் தராசுக்குப் பஞ்சமில்லை. நெல் ஆலையிலும், கூட்டுறவுச் சங்கக் கடையிலும், கரையோர மீன் வாடிகளிலும் தராசுகள் இருக்கின்றன. கேட்டால் யாரும் மறுக்கப் போவதுமில்லை. ஆயினும் கொளுவித் தூக்கும் சிறிய இலத்திரனியல் தராசு ஒன்றை வாங்கி வைத்திருப்பதே சிறந்தது. ஏனெனில் அது பெட்டியோடு கூடவே பயணம் செய்யும். திரும்பி வரும்போதும் நிறுக்க வேண்டியிருக்கும் அல்லவா? வாங்கியதும் அதை நம்பிவிடாமல், கடையில் கட்டிய 10 கிலோ அரிசிப் பைகள் இரண்டை ஒன்றாகக் கொளுவித் தூக்கிப் பாருங்கள். ஒரு கிலோச் சீனிப் பையைச் சரியாகக் காட்டும் தராசு, 20 கிலோவில் அரைக் கிலோ பிசகக்கூடும். கனடாவிலிருந்து வந்த தராசாயின் அது இறாத்தலில் அளவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 23 கிலோ என்பது அதில் 50.7 என்று காட்டும்.

தொங்கு தராசு கிடைக்காவிட்டால், ஆள் நிறுக்கும் தராசில் முதலில் வெறுங்கையோடு ஏறி நின்று நிறையைக் குறித்து, பின்னர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்கலாம். பெட்டியை நேரே அந்தத் தராசின் மேல் வைத்தால், நிறையைக் காட்டும் இடம் மறைந்துவிடும். பெட்டி ஓரத்தில் நிலத்தைத் தொட்டாலும் அளவு குறைவாகக் காட்டும்.

நிறுக்க வேண்டிய முதற் பொருள் வெறும் பெட்டிதான். கடினமான கூடும் நான்கு சில்லுகளும் கொண்ட பெரிய பெட்டிகள் வெறுமையாகவே ஐந்து கிலோ வரை இருக்கும். 30 கிலோ அனுமதியில் பெட்டிக்கு ஐந்து, பாதுகாப்புக்கு ஒன்று எனக் கழித்தால், சாமானுக்கு மிஞ்சுவது 24 கிலோ. இலேசான துணிப் பெட்டி மூன்று கிலோவுக்குள் கிடைக்கிறது. அந்த இரண்டு கிலோ வித்தியாசம் ஒவ்வொரு பயணத்திலும் உங்களுக்கு மிச்சம். காட்போட் பெட்டி இன்னும் இலேசு. அதை எடுத்துச் செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் மாரி காலத்தில் நனையாதபடி பொலித்தீன் சுற்ற வேண்டும். உரப்பையில் சாமானைப் போட்டுத் தைத்துக் கொண்டுபோகும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நன்று. ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பொதிகளை ஏற்பதில்லை என்று துபாய் விமான நிலையம் 2017 இல் அறிவித்தது. அத்தகைய பொதியை மீண்டும் கட்டுவதற்கும் காசு போகும்.

காற்றை உறிஞ்சி உடுப்பைத் தகடாக்கும் பைகள் இப்போது எங்கும் விற்கப்படுகின்றன. அவை இடத்தை மிச்சப்படுத்துமேயன்றி நிறையில் ஒரு கிராமையும் குறைப்பதில்லை. உண்மையில் அவை ஆபத்தானவை, ஏனெனில் மிஞ்சிய இடத்தைக் கண்டதும் இன்னும் எதையாவது வைக்கத்தான் மனம் வரும்.

எதை வைப்பது, எதை விடுவது

இதுதான் வீட்டில் சண்டை மூளும் கட்டம். ஆகவே இதற்கு ஒரு நெறி தேவை. நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு பொருளையும் அது போய்ச் சேரும் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுப் பிரிப்பதாகும். ஸ்காபரோவிலும், ஈஸ்ட்ஹாமிலும், பாரிசின் லா சப்பலிலும் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பிஸ்கற், தேயிலை, சோயா, அரிசிமா, தகரத்தில் அடைத்த மீன் எல்லாம் அங்கே உண்டு. விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும், மேலதிக நிறைக்கு ஒரு கிலோவுக்குக் கட்டும் தொகையைவிட அந்த வித்தியாசம் மிகச் சிறியது. வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், ஒடியல் மா, புழுக்கொடியல், மோர்மிளகாய், முல்லைத்தீவுக் கருவாடு, காட்டுத் தேன் ஆகியவை வேறு வகை. அவற்றுக்கே முதலிடம்.

அந்த முதலிடத்துப் பொருள்களிலும் கொள்கலத்தைப் பார்க்க வேண்டும். தேன் தண்ணீரைவிடக் கனமானது. 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் ஒரு கிலோவுக்கு மேல் தேன் பிடிக்கும். அதைக் கண்ணாடிப் போத்தலில் விட்டால் போத்தலின் நிறையும் அதனுடன் சேர்கிறது. தடித்த பிளாஸ்ரிக் போத்தலுக்கு மாற்றி, மூடியைச் சுற்றி ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் கட்டினால் நிறையும் குறையும், உடைவும் இராது. நல்லெண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் இதுவே முறை. நீர்த்தன்மையுள்ள இவை யாவும் ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட கொள்கலம் பாதுகாப்புச் சோதனையில் பறிக்கப்படும். பச்சைப் பனங்கிழங்கைவிடப் புழுக்கொடியலைத் தெரிவு செய்தால், தண்ணீரின் நிறைக்குப் பணம் கட்டாமல் தப்பலாம்.

போய்ச் சேரும் நாட்டுச் சுங்கம் பறிக்கப் போகும் பொருளுக்கு நிறை ஒதுக்குவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டுபோக முடியாது. நெய்யும் பாற்கோவாவும் இதில் அடங்கும். தேன் ஆளுக்கு இரண்டு கிலோ வரை அனுமதிக்கப்படுகிறது. குடல் நீக்கிய மீனுக்கும் கருவாட்டுக்கும் வரம்பு தாராளமாகவே உள்ளது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்; தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. அவுஸ்திரேலியாவுக்குச் செல்பவர்கள் கொண்டுபோகும் உணவு எதுவாயினும் அதைத் தாமாக அறிவித்துவிட வேண்டும். மறைத்தால் விதிக்கப்படும் தண்டம் எந்தப் பொதிக் கட்டணத்தையும் விஞ்சும்.

பயணம் நிச்சயமான செய்தி ஊரில் பரவியதும், “தம்பி, உதை மட்டும் ஒருக்காக் கொண்டுபோய் என்ரை மகளிட்டைக் குடுத்துவிடு” என்று ஆளாளுக்கு ஒரு பொதியோடு வருவார்கள். வருபவர் முன்னொரு நாள் உங்களுக்கு உதவியவராக இருப்பார், மறுப்பது எளிதன்று. இதற்கு நடைமுறையான வழி, பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே ஒரு வரம்பைச் சொல்லிவிடுவதுதான்: வீட்டுக்கு அரைக் கிலோ, மொத்தம் நான்கு வீடுகள், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னர் கையில் தர வேண்டும். இப்படிச் சொல்லியிருந்தால், வான் வந்து நிற்கும்போது ஓடி வருபவரிடம் மனம் நோகாமல் இல்லையென்று சொல்ல முடியும். தைத்தோ ஒட்டியோ தரப்பட்ட பொதியைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்கவே கூடாது. உங்கள் பெயரில் போகும் பெட்டிக்குள் என்ன இருந்தாலும் அதற்குப் பொறுப்பு நீங்களே. இது நிறையைவிடப் பெரிய விடயம். தருபவர் எதிரிலேயே பிரித்து, மீண்டும் பொலித்தீனில் கட்டுங்கள். வெளிப் பெட்டியும் தாளும் கழிந்து நிறையும் குறையும்.

எல்லாம் வைத்து, பூட்டி, கயிறும் கட்டி, ஒட்டுநாடாவும் சுற்றிய பின்னரே இறுதியாக நிறுக்க வேண்டும். 30 கிலோவுக்கு 29, 23 கிலோவுக்கு 22.5 என்ற அளவில் நிறுத்திக்கொண்டால், தராசுகளுக்கு இடையிலான வித்தியாசம் உங்களைப் பாதிக்காது.

கைப்பொதிக்கும் நிறை உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது; பல ஆசிய, வளைகுடா நிறுவனங்களில் அது ஏழு கிலோ. மடிக்கணினியும் மருந்தும் ஆவணங்களும் நகையும் அதில் போகட்டும். பவர் பாங்க் கைப்பொதியில்தான் இருக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக்கூடாது. கடைசி நேரத்தில் கருமபீடத்தில் கைப்பொதியையும் வாங்கிக்கொண்டால், பவர் பாங்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கனமான சப்பாத்தை அணிந்துகொண்டும், குளிர்ச் சட்டையைக் கையில் போட்டுக்கொண்டும் போகலாம். உடுத்தியிருப்பதை எவரும் நிறுப்பதில்லை. கிளிநொச்சி வெயிலில் அந்தச் சட்டையைச் சுமப்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செயற்கைக் கால் போன்றவை நடமாட உதவும் சாதனங்கள். அவற்றைப் பொதி நிறையில் சேர்க்காமல் கட்டணமின்றி ஏற்றுவதே விமான நிறுவனங்களின் வழமை. போரில் காலிழந்தவர்கள் பலர் வாழும் எங்கள் மாவட்டங்களில், மாற்றுச் செயற்கைக் காலைப் பெட்டிக்குள் வைத்து அதற்கும் சேர்த்து நிறைக் கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தனிப் பையில் வைத்து, பயணத்துக்கு முன்னரே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அறிவித்து, கிடைக்கும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைக்குழந்தையின் தள்ளுவண்டியையும் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்கின்றன.

கட்டித்தான் ஆக வேண்டுமென்றால்

சில பயணங்களில் மேலதிக நிறை தவிர்க்க முடியாதது. கலியாணத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடு போக முடியாது. அப்படியாயின் விமான நிலையம் வரை காத்திராமல், நிறுவனத்தின் இணையத்தளத்திலோ சீட்டெடுத்த முகவரிடமோ முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் முன்பதிவுக்குக் குறைந்த விலையே அறவிடுகின்றன. ஆனால் விமானம் புறப்படுவதற்குக் குறித்த சில மணித்தியாலங்களுக்கு முன்னர் அந்த வாய்ப்பு மூடப்பட்டுவிடும். வன்னியிலிருந்து புறப்படுபவருக்கு அந்த நேரம் பெரும்பாலும் வானுக்குள்ளேயே கழிந்துவிடுவதால், முதல் நாளே அதை முடித்துவிட வேண்டும். எண்ணிக்கை முறையில் பெட்டி 23 கிலோவைத் தாண்டினால், நிறை மிகுந்த பெட்டிக்கான தொகையையும் இன்னொரு பெட்டிக்கான தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; சில தடங்களில் இரண்டாவதே இலாபமாக இருக்கும். அவசரமில்லாத பாத்திரம், புத்தகம் போன்றவற்றைக் கப்பலில் அனுப்பும் பொதிச் சேவை மூலம் அனுப்பலாம். வாரக்கணக்கில் எடுக்கும், ஆனால் கிலோவுக்கான செலவு மிகக் குறைவு.

கட்டுநாயக்கவுக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். வான்காரரிடம், நீங்கள் பெட்டியை ஒப்படைத்துத் தொலைபேசியில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும் என்று வாடகை பேசும்போதே சொல்லி வையுங்கள். மிஞ்சியதை ஊருக்குத் திருப்பி அனுப்ப உங்களுக்குள்ள ஒரே வழி அவர்தான். வெறும் மடிப்புப் பை ஒன்றை அதற்கென எடுத்துச் செல்லுங்கள். கருமபீடத்தில் பெட்டியை வைப்பதற்கு முன்னர் தராசு பூச்சியத்தைக் காட்டுகிறதா, வைத்த பின்னர் பெட்டி பக்கத்துச் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் நிறுத்ததற்கும் அங்கு காட்டுவதற்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், வேறு கருமபீடத்தில் நிறுத்துப் பார்க்கும்படி பணிவாகக் கேட்கலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அரைக் கிலோவைக் கண்டும் காணாமல் விடும் அலுவலர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களை நம்பிப் பொதி கட்டக்கூடாது. எடுக்க வேண்டிய நிலை வந்தால் எதை எடுப்பது என்று தேடாதிருக்க, விடக்கூடிய இரண்டு மூன்று பொருள்களைப் பெட்டியின் மேற்தட்டிலேயே வைத்திருங்கள்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே கணக்கை மீண்டும் போட வேண்டும். சென்னையில் ரி. நகருக்குப் போனவரின் பெட்டி, போனபோது இருந்த நிறையில் திரும்புவதில்லை. பட்டுச் சேலைகளைவிடப் பித்தளைக் குத்துவிளக்கும் எவர்சில்வர்ப் பாத்திரமும்தான் கணக்கைக் கவிழ்ப்பவை. கடைக்குப் போகும் முன்னரே எத்தனை கிலோ மிச்சம் உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். தங்குமிடத்தில் தொங்கு தராசால் நிறுத்து, மேலதிகமாக இருந்தால் அன்றிரவே இணையத்தில் வாங்கி, பற்றுச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படமாக வைத்திருங்கள். முன்பணம் கட்டியது கருமபீடத்தின் கணினியில் சில வேளைகளில் உடனே தெரிவதில்லை.